கோத்தகிரிப் பனியில் எடுத்த குழந்தைப் படமும் கிம்ப் மென்பொருளும்

என் தங்கையின் மகளுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, கோத்தகிரியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் தாயின் மடியில் கிடத்தி ஒரு படம் எடுத்தோம். அதைப் பெரிதாக அச்சிட்டுத் தரும்படி ஒரு ஸ்டுடியோவில் கொடுத்திருந்தோம். 8-க்கு 12 அங்குல அளவில், கண்ணாடிச் சட்டமிட்டு, சொன்ன தேதியில் கொடுத்துவிட்டார்கள். தாளைப் பிரித்துப் பார்த்த தாய் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, இது நம்ம பாப்பாதானா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தவறே இல்லை. கன்னம் இரண்டும் மெழுகில் வார்த்தவை போல வழுவழுப்பாக இருந்தன. மோவாயின் இடப்பக்கத்தில் கடுகளவு இருக்கும் மச்சத்தைக் காணவில்லை. வலக் கன்னத்தில் பாட்டி வைத்திருந்த திருஷ்டிப் பொட்டை ஏதோ தழும்பு என்று எண்ணிப் பாதி அழித்து, பாதியைச் சாம்பல் தீற்றலாக விட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் வருத்தியது, குழந்தையின் மாநிறத்தை யாரையும் கேட்காமல் வெளுத்திருந்தது. குழந்தையைத் தாங்கியிருந்த தாயின் கை மட்டும் அதன் இயல்பான நிறத்திலேயே இருந்ததால், ஒரே படத்துக்குள் தாயும் பிள்ளையும் வெவ்வேறு குடும்பத்தினர் போலத் தெரிந்தார்கள். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, "எல்லாரும் இப்படித்தாங்க கேக்குறாங்க, மேடம்" என்றார் அங்கிருந்தவர். நாங்கள் கேட்கவில்லை.

பள்ளி ஆண்டு மலரைத் தயாரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்ததால், கிம்ப் என்ற, படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள் எனக்குக் கைப்பழக்கம் உள்ள ஒன்று. அதே படத்தை அதில் நானே திருத்தி மறுபடி அச்சிட்டேன். பிள்ளையின் முகத்தைப் பிள்ளையின் முகமாகவே வைத்துக்கொண்டு படத்தைச் சீராக்குவதற்கு அந்த மென்பொருள் எவ்வளவு தூரம் கை கொடுக்கிறது, எங்கே கை விடுகிறது என்பதை, வீட்டில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய மென்பொருள் இது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துவருகிறார்கள். 2018-ல் வந்த 2.10 பதிப்பைத்தான் நீண்ட காலம் வைத்திருந்தேன். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்த பிறகு அதற்கு மாறினேன். பணம் கட்ட வேண்டியதில்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கிம்ப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளைத் தொட வேண்டாம். நான் இந்த வேலையைச் செய்தது, குழந்தையின் தாய் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில். அதில் இருப்பது 4 ஜிபி நினைவகம் மட்டுமே.

படத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்தக் குழந்தையின் முகத்தில் எது ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும், எது அவளோடு வளரும்? தானாகப் போவதை நாம் சற்று முன்கூட்டியே போக்கிவிடலாம். அவளோடு வளர்வதைத் தொடக் கூடாது. பிறந்த குழந்தைகளின் மூக்கிலும் கன்னத்திலும் காணப்படும் வெண்ணிறச் சிறு புள்ளிகள் சில வாரங்களில் மறைந்துவிடும். உரிந்துகொண்டிருக்கும் தோல், தன் நகத்தால் தானே கீறிக்கொண்ட கோடு, கடைவாயில் காய்ந்த பால், உச்சந்தலையில் ஒட்டியிருக்கும் செதில் ஆகியவையும் அப்படித்தான். மச்சம் போகாது. நெற்றியோரத்துப் பூனைமுடி உதிர்ந்துவிடும் என்றாலும், அது அந்த வயதுக்கே உரிய அழகு என்பதால் அதையும் நான் தொடுவதில்லை.

மலையில் வளரும் குழந்தைகளுக்கு இன்னொன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அதன் பின்னால் மார்கழிக் குளிர் வந்து சேரும். பிள்ளைகளின் கன்னம் சிவந்து, வறண்டு, லேசாக வெடிக்கத் தொடங்கும். சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் அதைப் பார்த்து ஏதோ நோயென்று பதறுவதும் உண்டு. அந்த வெடிப்பின் வெள்ளைச் செதில்களை நான் நீக்கினேன். கன்னத்தின் சிவப்பை அப்படியே விட்டேன். அவள் எந்த ஊரில் பிறந்தாள் என்று அந்தப் படத்தில் சொல்வது ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைச் சரிவை விட அந்தச் சிவப்புதான்.

இனி கருவிகள். கிம்ப்பில் படம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய லேயராக, அதாவது கண்ணாடித் தாள் போன்ற படலமாக இருக்கும். முதலில் படத்தின் லேயரை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கீழே இருக்கும் மூலத்தைத் தொடாமல் மேலே உள்ள நகலில் மட்டும் வேலை செய்கிறேன். புள்ளிகளையும் கீறல்களையும் நீக்க ஹீல் என்ற கருவி இருக்கிறது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, பழுதுக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் தோலில் ஒரு முறை கிளிக் செய்ய வேண்டும். பிறகு பழுதின் மேல் தொட வேண்டும். எடுத்த இடத்திலிருந்து தோலின் நெசவையும், தொட்ட இடத்திலிருந்து வெளிச்சத்தையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் இசைத்துவிடும் என்பதால் ஒட்டுப் போட்டது தெரிவதில்லை. குளோன் கருவி அப்படியன்று. எடுத்ததை எடுத்தபடியே கொண்டுவந்து ஒட்டிவிடும். ஆகவே கன்னத்தின் நடுவில் ஹீல் சிறந்தது. கம்பளிக் குல்லாயின் ஓரம், உதட்டுக் கோடு, இமை விளிம்பு போன்று இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடங்களிலோ ஹீல் பக்கத்து நிறத்தை இழுத்துக் கறை போலப் பூசிவிடும். அங்கே குளோன்தான் சரி. பிரஷ்ஷின் அளவு பழுதை விடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். பெரிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுத்தால் ஸ்டுடியோ செய்த அதே மெழுகுக் கன்னம்தான் நமக்கும் கிடைக்கும்.

இடக் கண்ணுக்குக் கீழே அவள் நகம் பட்ட கீறல் ஒன்று, அரை அங்குல நீளத்தில், நடுவில் சிவந்தும் ஓரங்களில் வெளிறியும் இருந்தது. படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, கீறலின் நீளவாட்டில் போகாமல், ஒவ்வொரு சிறு துண்டுக்கும் அதற்கு நேர் கீழே உள்ள தோலை மாதிரியாக எடுத்து, ஏறத்தாழ இருபது தொடுதல்களில் அதை மறைத்தேன். மறைந்துவிட்டது. ஆனால் படத்தைச் சுருக்கிப் பார்த்தபோது அந்த இடம் மட்டும் ஓய்வெடுத்தது போல ஒரு தனி அமைதியோடு இருந்தது. கண்ணுக்குக் கீழே எந்தக் குழந்தைக்கும் இயல்பாக இருக்கும் மெல்லிய மடிப்பும் கீறலோடு சேர்ந்து போய்விட்டிருந்ததுதான் காரணம். நகல் லேயரின் ஒப்பேசிட்டியை, அதாவது கீழே உள்ளதை அது மறைக்கும் அளவை, 70 சதவீதமாகக் குறைத்தவுடன் மடிப்பு திரும்பி வந்தது. கீறலும் நினைவு அளவுக்கு மங்கலாகத் தெரிந்தது. அப்படியே நிறுத்திக்கொண்டேன். இந்த ஒரு ஸ்லைடருக்காகவே குழந்தைப் படங்களுக்குக் கிம்ப்பை நான் பரிந்துரைப்பேன். கைபேசியின் அழகூட்டும் செயலிகள் பெரும்பாலும் முகம் முழுவதையும் ஒரே கணத்தில் தேய்த்துவிடுகின்றன. எந்த இடத்தில் எவ்வளவு என்று நிறுத்திச் சொல்ல அவை நமக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை. படம் எடுக்கும்போதே கைபேசிக் கேமராவின் பியூட்டி மோடு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது தேய்த்து எடுத்த தோலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தால் ஹீல் போதாது. அதற்கு வேவ்லெட் டீகம்போஸ் என்ற வசதி ஃபில்டர்ஸ் பட்டியலில் என்ஹான்ஸ் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அது படத்தை மிக நுண்ணிய விவரம் தொடங்கிப் பெரிய விவரம் வரை ஐந்து அடுக்குகளாகவும், எஞ்சிய நிறத்தை ஆறாவது அடுக்காகவும் பிரித்துக் கொடுக்கும். பூனைமுடியும் தோலின் நெசவும் முதல் இரண்டு அடுக்குகளில் இருக்கும். திட்டுகள் பின்னால் உள்ள அடுக்குகளில் இருக்கும். திட்டு உள்ள பகுதியைத் தேர்வுக் கோட்டால் வளைத்து, ஓரத்தை மென்மையாக்கி, நான்காவது ஐந்தாவது அடுக்குகளில் மட்டும் சற்று மங்கலாக்கினால், மேலே உள்ள நெசவு கெடாமல் திட்டு மட்டும் அடங்குகிறது. இதைவிட நாணயமான முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் கணினிக்குப் பாரம் அதிகம். 4000-க்கு 3000 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட கைபேசிப் படத்தின் ஒரு லேயர், சாதாரண 8 பிட் நிற ஆழத்திலேயே ஏறத்தாழ 36 முதல் 48 எம்பி வரை நினைவகத்தைப் பிடிக்கும். ஆறு அடுக்குகளும் மூலமும் சேரும்போது எங்கள் பழைய மடிக்கணினி இரண்டு முறை உறைந்துவிட்டது. முகப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு செய்தபோது தடையின்றி முடிந்தது.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மலையில் எடுக்கும் படங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பனிமூட்டத்தின் வழியே வரும் பகல் வெளிச்சம் நீலம் கலந்தது. அறைக்குள் எரியும் மஞ்சள் பல்பின் வெளிச்சம் அதற்கு நேர் எதிரானது. எங்கள் படத்தில் ஜன்னல் பக்கத்துக் கன்னம் நீலம் பாய்ந்தும், அறைப் பக்கத்துக் கன்னம் மஞ்சளாகவும் இருந்தன. கலர்ஸ் பட்டியலில் ஆட்டோ என்பதன் கீழ் உள்ள வைட் பேலன்ஸை அழுத்திப் பார்த்தேன். அது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் அதன் கடைக்கோடி வரை இழுத்து நீட்டும் முறையில் இயங்குவது. பனிமூட்டப் படத்தில் இயல்பாகவே முழு வெண்மையோ முழுக் கருமையோ இல்லாததால், இல்லாத ஒன்றைத் தேடி இழுத்து, வெளியே தெரிந்த பனியை இளஞ்சிவப்பாக்கி, குழந்தையின் முகத்தைச் செங்கல் நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பனிநாளில் எடுத்த படத்துக்கு அந்தப் பொத்தானைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

சரியான வழி, கலர் டெம்பரேச்சர் என்ற ஃபில்டரின் ஸ்லைடரைச் சிறிது சிறிதாக நகர்த்துவது. இரண்டு வெளிச்சம் கலந்த படமானால், ஒரு லேயரை ஜன்னல் பக்கத்துக் கன்னத்துக்காகவும் அதன் நகலை அறைப் பக்கத்துக் கன்னத்துக்காகவும் தனித்தனியே சீராக்கி, மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் (கறுப்பு உள்ள இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை உள்ள இடத்தில் காட்டும் மறைப்பு) போட்டு, அதில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் சாயலை இடமிருந்து வலமாக இழுத்துவிட வேண்டும். மூக்கின் மேல் இரண்டும் சந்திக்கும் இடம் தெரியாமல் கலந்துவிடும். 3.0 பதிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது, இப்படிப் போட்ட ஃபில்டரை லேயரோடு ஒட்டவைத்துவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்து மறுபடி திருத்தலாம் என்பது. 2.10-ல் அது முடியாது. சரியில்லை என்றால் எல்லாவற்றையும் பின்னோக்கி அழித்துக்கொண்டே வர வேண்டும்.

எந்த நிறம் சரி என்பதற்குத் திரையை நம்பாதீர்கள். நான் படத்துக்குள்ளேயே இருந்த தாயின் கையைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளையே எதிரில் உட்காரவைத்து, அவள் புறங்கையும் படத்தில் உள்ள கையும் ஒன்றாகத் தெரியும் வரை நிறத்தைச் சீராக்கினேன். கை சரியானதும் பிள்ளையின் முகமும் தானாகச் சரியாகிவிட்டது. கர்வ்ஸ் கருவியால் படத்துக்கு வெளிச்சம் கூட்டலாம், கூட்டத்தான் வேண்டும். மூட்டநாளில் எடுத்த படம் மந்தமாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சம் கூட்டுவது வேறு, தோலை வெளுப்பது வேறு. முகத்தை மட்டும் தேர்வு செய்து வெளிச்சம் கூட்டினால் அது வெளுப்பதுதான். படம் முழுவதற்கும் கூட்டும்போது துண்டும் கையும் பின்னால் உள்ள சுவரும் சேர்ந்து துலங்கும். குழந்தை தன் நிறத்திலேயே துலங்குவாள். ஒரு பெண் குழந்தைக்கு, அவள் பேசத் தொடங்கும் முன்பே, அவள் நிறம் போதாது என்று வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் படத்தின் மூலம் சொல்லிவிடக் கூடாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

என் அண்ணன், ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். 1960-ல் தொடங்கப்பட்ட அந்த மத்திய அரசு நிறுவனத்தின் 'இந்து' பிலிமிலும் தாளிலும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் நெகட்டிவின் மேலேயே பென்சிலால் டச்சிங் செய்வார்கள் என்று அவர் சொல்வார். முகத்தில் உள்ள கரும்புள்ளி நெகட்டிவில் வெளிறிய புள்ளியாக இருக்கும். அதைப் பென்சில் முனையால் சற்றே நிரப்பினால் அச்சில் அந்தப் புள்ளி மங்கிவிடும். அவரிடம் நான் திருத்திய படத்தைக் காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்து, "மச்சத்த விட்டுட்டயே, அதான் சரி" என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்குக் கிம்ப் முதல் வாரம் பொறுமையைச் சோதிக்கும். சேவ் என்று கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்ற தனிக் கட்டளையைத் தேட வேண்டும். இது தெரியாமல், திருத்திய படத்தை ஸ்டுடியோவுக்கு எடுத்துச் சென்று அங்கே திறக்க முடியாமல் திரும்பியவர்கள் எனக்குத் தெரியும். நல்ல கேமராவின் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவு செய்ததைப் பக்குவப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை, திறக்க டார்க்டேபிள் போன்ற இன்னொரு மென்பொருளையும் நிறுவ வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ் 2002-லேயே வந்துவிட்டது. மாதிரி எடுக்காமலே தொட்டவுடன் புள்ளியை நீக்கும் பிரஷ்ஷும் அதில் உண்டு. கிம்ப்பில் ஒவ்வொரு முறையும் மாதிரி எடுக்க வேண்டும். நாள்தோறும் பத்துப் பதினைந்து படங்கள் திருத்தும் ஸ்டுடியோக்காரருக்கு இது பெரிய தடை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தா கட்டி அதையே வாங்குவது அவருக்கு நியாயம். வீட்டில் ஒரே ஒரு குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு அந்தத் தாமதம் ஒரு வகையில் நல்லதே, ஒவ்வொரு புள்ளியையும் நீக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

தமிழில் எழுதுவதற்கு இது மிகவும் வசதி. குழந்தையின் பெயரையும் தேதியையும் படத்தின் மூலையில் யூனிகோடு தமிழிலேயே தட்டச்சு செய்தேன். கொம்பும் காலும் இடம் மாறாமல் எழுத்துகள் ஒழுங்காக அமைந்தன.

ஒரு எச்சரிக்கை. பிறந்த முதல் வாரத்தில் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம். மருத்துவர் வாட்ஸ்அப்பில் படம் கேட்டால், நிறம் திருத்திய படத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள். மஞ்சளை எடுத்துவிட்ட படம் அவரைத் தவறாக எண்ண வைக்கும். கை படாத மூலப்படத்தைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். நேரில் காட்டச் சொன்னால் நேரில் காட்டுங்கள்.

அச்சுக்குப் போகும்போது இரண்டு விஷயங்கள். 8-க்கு 12 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 2400-க்கு 3600 புள்ளிகள் தேவை. கைபேசிப் படம் அதற்குப் போதும். ஆனால் அதன் நீள அகல விகிதம் வேறு. 3000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட நெடுவாட்டுப் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 333 புள்ளிகளை வெட்ட வேண்டிவரும். ஸ்டுடியோவிடம் விட்டால் குல்லாயின் குஞ்சமோ குழந்தையின் கைவிரலோ போய்விடும். எங்கே வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்து வெட்டிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் டாகுமெண்டாக அனுப்பவும், அல்லது பென் டிரைவில் கொண்டுபோகவும்.

இரண்டாவது விஷயம், அச்சிடும் இடத்திலும் கணினி தானாக நிறம் திருத்துவது உண்டு. நாம் மூன்று மாலை உட்கார்ந்து மீட்ட மாநிறத்தை அது ஒரு நொடியில் மறுபடி வெளுத்துவிடக்கூடும். நான் பென் டிரைவோடு, "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், மேட் தாளில் போடவும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். முதலில் 4-க்கு 6 அளவில் ஒன்று போட்டுக் காட்டச் சொல்லி, அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் தாயின் கையோடு வைத்துப் பார்த்த பிறகுதான் பெரியதைப் போடச் சொன்னேன். கடைக்காரரும் பொறுமையாகக் காத்திருந்தார். புதிய படத்தைப் பழைய சட்டத்திலேயே மாட்டியிருக்கிறோம். திருஷ்டிப் பொட்டு வலக் கன்னத்தில் முழுதாக இருக்கிறது.